இதின்ரை தாய் ஆர்?

“பயோ எடுத்து என்னா செய்யப்போற? கோழிக்கு ஊசி போடப்போறியா?”

சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வந்த வாரம், ஹட்டனில் எங்கள் பாடசாலையின் அலுவலக அறையில் வைத்து ஓர் ஆசிரியர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை கலைப்பிரிவு எடுத்தால் ஆசிரியராகலாம், உயிரியல் எடுத்தால் வெறுங்கையோடு வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி வரவேண்டியதுதான் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேலியாகச் சொன்ன அந்த வேலையை ஒரு பெண் செய்வதை நான் பார்த்திருந்தேன். எவ்வளவு நிமிர்ந்து நின்று செய்தார் என்பதையும் பார்த்திருந்தேன்.

“ஆமாங்க சார்” என்றேன்.

எங்கள் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. அந்தப் பெண்ணை நாங்கள் ‘கோழி டாக்டரம்மா’ என்போம். அரசாங்கக் கால்நடை வைத்தியர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான, உயரமான உடம்பு. சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து போட்டிருப்பார். அட்டை ஏறாமலிருக்கச் சப்பாத்தின் விளிம்பில் சவர்க்காரம் தேய்த்திருப்பார். தோளில் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க் தொங்கும். அதற்குள்தான் மருந்து.

“நம்ம குளிருக்கு ஐஸ் எதுக்குங்க? போத்தல ஆத்துல முக்கி எடுத்தாலே போதுமே” என்று பெண்கள் சீண்டுவார்கள்.

“உங்கடை குளிர் உங்களுக்குப் போதும். இதுக்குப் போதாது” என்பார், பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தபடியே.

லயத்துக்குள் வந்ததும் ஒரு கோழியைத் தூக்குவார். இறகை விரிப்பார், கொண்டையைப் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும்: “இதின்ரை தாய் ஆர்?”

அதற்குக் காரணம் இருந்தது. தாய்க்கு மருந்து போட்டிருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்ச நாளுக்குப் பாதுகாப்பு இருக்கும். ஆனால் அவர் கோழியோடு நிறுத்துவதில்லை. ஆட்டைப் பார்த்தாலும் கேட்பார், நாயைப் பார்த்தாலும் கேட்பார். எங்கள் வாசல் இஸ்தோப்புத் தூணில் படர்ந்திருந்த பீர்க்கங்கொடியைப் பார்த்து, விதை யார் கொடுத்தது, அவர்களுக்கு யார் கொடுத்தது என்று நின்று விசாரித்தார். எங்களையும் விடவில்லை.

“நீ ஆற்றை பிள்ளை?”

சொல்வேன்.

“அப்பா எந்த ஊர்? அதுக்கு முதல்?”

அடுத்த முறை வரும்போது மறந்துவிட்டு மறுபடியும் கேட்பார். கோழிகளின் வம்சம் எல்லாம் ஞாபகமிருந்தது. என்னுடையது மட்டும் ஒரு தடவையும் நினைவில் நிற்கவில்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தாத்தா பிறந்த ஊர் எது, அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்டுக் கேட்டே எங்கள் ஆட்களை அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய வைத்த நாடு இது. பிறந்த மண்ணிலேயே பிரஜை இல்லை என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக இருந்தது. “எங்க வம்சத்தக் கேக்காத கந்தோரே இல்ல. கோழிக்கு ஊசி போட வந்த அம்மாவும் கேக்கணுமா?” என்பார் அப்பா. யாழ்ப்பாணத்தார் ஊர் கேட்டால் அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கும் என்றும் சொல்வார். இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். முதல் இரண்டு வருடங்களில் டாக்டரம்மா எங்கள் லயத்தில் ஒருவர் வீட்டிலும் தேநீர் குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலைத்தான் எடுப்பார்.

ஆனால் அவரையும் கேட்டார்கள். அதை நான் நேரில் பார்த்தேன்.

யுத்த காலம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவும் நானும் பேருந்தில் இருந்தோம். முன் ஆசனத்தில் டாக்டரம்மா. சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் ஏறி, அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கச் சொன்னான். இறங்கினார். ஏன் வந்தாய், யாரோடு இருக்கிறாய், அப்பா யார் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். சொல்லி முடித்ததும் அவனைக் கேட்டார்: “தம்பி, உன் ஊர் எது?”

அவன் திகைத்துப்போய்ச் சொன்னான். வறண்ட பகுதியில் ஏதோ ஒரு கிராமம்.

“அம்மா கோழி வளர்க்கிறாவா?”

வளர்க்கிறாராம். வெயில் காலத்தில் கழுத்துத் திருகி எல்லாம் செத்துப்போகின்றனவாம். டாக்டரம்மா, குஞ்சுக்கு எப்போது மருந்து விடவேண்டும், யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று அவனுக்கு வரிசையாகச் சொன்னார். சந்தேகம் வந்து அவனும் இரண்டு கேள்வி கேட்டான். பேருந்து முழுவதும் காத்திருந்தது.

“யாரு யாரச் சோதனை பண்றாங்கன்னே தெரியலடி” என்றார் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்.

டாக்டரம்மா திரும்ப ஏறி உட்கார்ந்து அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார். முதுகு வளையவில்லை.

எங்கள் தோட்டத்தில் கோழி வளர்ப்பது தோட்ட நிர்வாகியான துரைக்குப் பிடிக்காத விஷயம். கோழிகள் தேயிலை நாற்றுமேடையைக் கிளறுகின்றன என்பார். டாக்டரம்மா பங்களாவுக்குப் போய்ப் பேசித்தான் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அதற்குத் துரை ஒரு நிபந்தனை போட்டார்: ராணிக்கெட் நோய் ஒரு லயத்துக்குள் வந்தாலும் தோட்டத்துக் கோழிகள் அத்தனையையும் அடித்துப் புதைக்கவேண்டும். அம்மாவின் கோழிகளில் மூத்தவள் ‘கருப்பி’ என்ற ஒரு கருப்புக் கோழி. அவளும் அவள் பிள்ளைகளும் இட்ட முட்டைகளை விற்றுத்தான் நான் ஹட்டனுக்குப் பேருந்தில் போய்ப் படித்தேன். அந்தக் கோழிகள் போனால் என் படிப்பும் போகும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நான் பரீட்சை எழுதவிருந்த வருடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் முன்னால் ஊசி போடும் நாள். வேலை முடிந்து பெண்கள் கூடையும் கோழியுமாக வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா இரண்டு சின்னக் குப்பிகளைத் தூக்கிக் காட்டினார்.

“இது சாது. குஞ்சின்ரை கண்ணில ஒரு சொட்டு விடுறது. மற்றது கொஞ்சம் முரடு. வளந்ததுகளுக்கு மட்டுந்தான் ஊசியாப் போடலாம். அதுவும் முதல் சாதுவைக் கண்ணில விட்டிருக்கோணும்.”

“ஒரே சீக்குக்கு ரெண்டு மருந்தாங்க?”

“ரெண்டும் அந்த வருத்தத்தின்ரை கிருமிதான். வம்சம் வேற.”

அம்மாவுக்கு அன்று வாய் சும்மா இருக்கவில்லை. “எங்களயெல்லாம் கேக்குறீங்கள்ல டாக்டரம்மா, இப்ப நான் கேக்குறேன். அந்த முரடு எந்த ஊருங்க?”

“இந்தியா. இமயமலைப் பக்கம் முக்தேஸ்வர் எண்டு ஒரு இடம்.”

“அப்ப நம்ம ஆளுதான்” என்றார் ஒருவர்.

“பதிஞ்சு வந்துச்சா, கள்ளத்தோணியா?” என்றார் இன்னொருவர்.

வரிசை குலுங்கிச் சிரித்தது. மற்றவர்கள் எங்களைத் திட்டப் பயன்படுத்திய சொல் அது. நாங்களே சொல்லிச் சிரித்தால் அதன் முள் கொஞ்சம் மழுங்கும். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “பதிஞ்சுதான் வந்தது. எத்தினையாம் தலைமுறை எண்டுகூடத் தெரியும்” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினார்.

அன்றைக்குத்தான் அந்தத் தவறு நடந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். பேர் விட்டுப்போனால் அன்றைக்கு வேலை இல்லை. ஒரு காலத்தில் பிள்ளைகளின் பேரைச் சீக்கிரம் பதிவதற்காகத் தாய்மார் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு என்பார்கள். அம்மாவுக்கே அப்படிக் கூட்டித்தான் பேர் பதிந்தது. ‘கொடுக்கிறார்கள்’ என்று கேள்விப்பட்டால் முதலில் வயதைக் கூட்டு, விட்டுப்போகாதே. இது எங்கள் இரத்தத்தில் இருந்தது.

டாக்டரம்மா ஒவ்வொரு கூடையாகக் கேட்டார். “இதுக்கு எத்தினை கிழமை? கண்ணில மருந்து விட்டதோ?”

ஐந்து வாரக் குஞ்சை வைத்துக்கொண்டு அம்மா, “ஒம்பது வாரமுங்க. கண்ணுல விட்டாச்சுங்க” என்றார். பக்கத்தில் நின்றவரும் அப்படியே சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும்.

“சின்னனா இருக்கே?”

“குளிருங்க. வளர மாட்டேங்குது.”

அந்த மலைக் குளிரில் நாட்டுக்கோழி மெதுவாகத்தான் வளரும். டாக்டரம்மா நம்பினார்.

சில நாட்களில் குஞ்சுகள் விழத் தொடங்கின. கால் இழுத்தது, கழுத்துத் திருகியது. லயம் லயமாகச் செத்தன. ஊசிதான் கொன்றது என்றார்கள் பெண்கள். சீக்கு வந்துவிட்டது என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. அவர் துரையிடம் சொல்ல, துரை நிபந்தனையை ஞாபகப்படுத்தினார். குழி வெட்ட இடமும் பார்த்தாயிற்று.

டாக்டரம்மா வந்து செத்த குஞ்சுகளை ஐஸில் வைத்து எடுத்துப்போய் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். சோதனை முடியும்வரை கோழிகளைத் தொடக்கூடாது என்று துரையிடம் தவணை கேட்டார். கிடைத்தது. முதல் விடையும் வந்தது: குஞ்சுகளிடம் இருந்தது ராணிக்கெட் வைரஸ், அதுவும் கடுமையான வகை.

அந்த விடை அவருக்கு எவ்வளவு வசதியானது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது அதுதான் என் படிப்பு, அதனால் சொல்லமுடியும். அந்த வைரசின் மரபணுவில் ஒரு சிறிய இடம் இருக்கிறது. அங்கே எழுத்துகள் ஒருவிதமாக இருந்தால் வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயோடும் குடலோடும் நின்றுவிடும். இன்னொருவிதமாக இருந்தால் உடம்பு முழுக்கப் பரவி மூளைவரை போகும். கண்ணில் விடும் சாது முதல் வகை. வெளியே திரிந்து கோழிகளைக் கொல்லும் வைரஸ் இரண்டாவது வகை. ஊசியாகப் போடும் அந்த நடுத்தர முரடு இருக்கிறதே, அதற்கும் அந்த இடத்தில் கொலைகார எழுத்துகள்தான் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக முட்டைக்குள் வளர்த்து அதன் வேகத்தை வேறு இடங்களில் தளர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதவைத் திறக்கும் சாவி அதன் கையில் இன்னும் இருக்கிறது. பழக்கப்பட்ட பெரிய கோழி தாங்கும். பழக்கப்படாத குஞ்சு தாங்காது.

ஆகவே அந்த ஓரிடத்தை மட்டும் வாசித்தால் வெளியிலிருந்து வந்த நோய்க்கும் டாக்டரம்மாவின் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாது. வெளி நோய் என்று முடித்துவிட்டால் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் கோழிகள் மட்டும் குழிக்குள் போகும். அவருடைய மேலதிகாரியும் முடித்துவிடச் சொன்னாராம்.

பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அவரைக் கேட்டார்: “அதான் சீக்குன்னு வந்துருச்சே. இன்னும் என்னாங்க?”

“என்ன வருத்தம் எண்டு சொல்லிப்போட்டினம். தாய் ஆரெண்டு சொல்லேல்லை” என்றார் டாக்டரம்மா. “அது தெரியாமல் ஒரு கோழியையும் தொட விடமாட்டன்.”

அவர் போனபின் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்தம்மா தனக்குத்தானே குழி தோண்டுது. தோண்டட்டும்.”

மாதிரி வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனது. நீளமாக, எழுத்து எழுத்தாக வாசித்து, தெரிந்த வைரஸ் வம்சங்களோடு ஒப்பிட்டார்கள். அந்த நாட்களில் அம்மா கோழிகளைக் கூடைக்குள்ளேயே வைத்திருந்தார். நான் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடை வந்த மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். துரை ஜீப்பில் வந்திருந்தார். டாக்டரம்மா பெரட்டுக் களத்தின் நடுவில் நின்றார். அதே சப்பாத்து, அதே பிளாஸ்க்.

“வெளியில இருந்து ஒரு வருத்தமும் வரேல்லை” என்றார். “குஞ்சுகள் செத்தது நான் போட்ட ஊசியால. கிருமியின்ரை தாய் என்ரை குப்பிதான். உங்கடை கோழியளை ஒருத்தரும் தொடத் தேவையில்லை.”

அதையே துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் நின்ற சிங்களக் கங்காணிக்காகச் சிங்களத்திலும் சொன்னார். மூன்று மொழியிலும் ‘நான்’ என்ற சொல்லை விழுங்காமல் சொன்னார்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போனார்.

“டாக்டரம்மா, வயசக் கூட்டிச் சொன்னது நாங்கதாங்க.”

“எனக்கு இப்ப விளங்குது. ஏன் கூட்டிச் சொன்னனீங்கள்?”

“விட்டுப்போயிருமேன்னுதாங்க.”

அவர் குரலைத் தாழ்த்தி, “துரைக்கு இதைச் சொல்லாதையுங்கோ. கேட்டது நான், போட்டது நான். சின்னனா இருக்கு எண்டு கண்டதும் நான்தான்” என்றார்.

அன்று எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். அம்மா தயங்கித் தயங்கிப் பால் கலக்காத சாயத்தண்ணி கொடுத்தார். வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, “இது எந்த மலைக் கொழுந்து?” என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். “நம்ம மலைதாங்க. நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும். இது அடியில விழுற தூளு.”

அப்பாவும் சிரித்தார். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கோழிகள் தப்பின. அவருக்குப் பூண்டுலோயாவுக்கு மாற்றல் வந்தது. அது தண்டனையா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. போகும் நாளில் பெண்கள் சந்திவரை வந்தார்கள். பேருந்துக்காக நின்றபோது அவர் பார்வை என்மேல் விழுந்தது.

“நீ ஆற்றை பிள்ளை?”

இத்தனை வருடம் கழித்தும். “வயசக் கூட்டிச் சொன்னவங்களோட புள்ளைங்க” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. “உண்மையையும் அந்த மனுசிதானே சொன்னது” என்றார். பிறகு, “உயர்தரத்துக்கு என்ன எடுக்கப்போறாய்?”

“பயோங்க.” அதுவரை நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே சொல்லியிருக்கவில்லை.

“ம்” என்றார். நல்லது என்றோ, கஷ்டம் என்றோ, உன்னால் முடியும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து வந்தது. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்தே உட்கார்ந்து போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி.

நான் பயோ எடுத்தேன். இரண்டாம் தடவையில் பல்கலைக்கழகம் கிடைத்தது. எங்கள் லயத்தில் முதல் ஆள் நான், குடும்பத்தில் எழுதப்படிக்கப் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அந்த ஆசிரியரை ஹட்டன் பஸ் நிலையத்தில் அம்மா கண்டிருக்கிறார். மகள் என்ன செய்கிறாள் என்று அவர் விசாரித்தாராம். “நீங்க சொன்ன மாதிரியே, கோழிக்கு ஊசி போடுறாங்க சார்” என்றாராம் அம்மா. அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

போன மாதம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். எந்தத் தடுப்பு மருந்து வைரசில் வேலை செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். அந்த நடுத்தர முரட்டைத்தான் சொன்னேன். ஊசி போட்ட கோழியிடம் அது எவ்வளவு நாள் தங்குகிறது, குஞ்சுக்குத் தாவுகிறதா, தாவும்போது எழுத்து மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். எங்கிருந்து தொடங்குவாய் என்றும் கேட்டார்கள்.

சென்ற சனிக்கிழமை பிளாஸ்க்கும் பஞ்சுக்குச்சிகளுமாக எங்கள் லயத்துக்குப் போனேன். இப்போதைய கால்நடை வைத்தியரும் கூட வந்தார். அம்மா கூடையைத் திறந்தார். நான் ஒன்றைத் தூக்கினேன். கருப்பு உடம்பு, கழுத்தில் கொஞ்சம் சிவப்பு.

“இதோட தாய் யாரும்மா?”

“கருப்பியோட பேத்தி பெத்தது.”

“வயசு?”

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அஞ்சு வாரம்” என்றார். “அத விட்டுரு. வளந்த பொறகு வந்து போடு.”

“நான் வராமப் போயிட்டா?”

“வராம எங்க போவ? நீ யாரு புள்ள?”

அந்தக் குஞ்சின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு விட்டுக் கூடைக்குள் வைத்தேன். ஊசி போடவேண்டியவற்றுக்கு வைத்தியர் போட்டார். போடும் முன் ஒவ்வொன்றின் தொண்டையிலிருந்தும் நான் மாதிரி எடுத்து ஐஸில் வைத்தேன். மறுநாள் காலை முதல் பேருந்தில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினேன். மாதிரிகள் இப்போது ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. வாசிக்கத் தொடங்கிவிட்டேன். முதலாவது, அந்தக் குஞ்சின் தாயான கருப்பியின் பேத்தியுடையது.